இருட்டுக்கு பிஐஎஃப், வெளிச்சத்துக்கு எச்ஒய்5

இருட்டில் மூடி வைத்த முளை வெளிறிப்போய் நெடுநெடுவென்று வளரும். வெளிச்சத்தில் முளைத்தது குட்டையாக, பச்சையாக நிற்கும். விதை ஒன்றுதான்; எந்தப் படியெடுப்புக் காரணியின் (மரபணுக்களை இயக்கும் அல்லது அடக்கும் புரதத்தின்) கை ஓங்கியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

இருட்டில் பிஐஎஃப் புரதங்களின் ஆட்சி. தண்டை நீட்டு, பச்சையம் இப்போது வேண்டாம் என்கின்றன. சரிதானே, மண்ணுக்கடியில் இலை விரித்து என்ன பயன்? வெளிச்சத்துக்கான காரணியான எச்ஒய்5 அப்போதும் உருவாகிறது. ஆனால் காப்1 என்ற புரதம் அதைச் சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது.

சிவப்பு ஒளி பட்டதும், ஒளியை உணரும் புரதமான ஃபைட்டோகுரோம் செல்லின் உட்கருவுக்குள் நுழைகிறது. சில நிமிடங்களிலேயே பிஐஎஃப் சிதையத் தொடங்கும். காப்1 அடங்க, எச்ஒய்5 சேர்கிறது. நீட்சி குறைந்து பச்சையம் கூடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், பிஐஎஃப், எச்ஒய்5 இரண்டும் டிஎன்ஏவில் பிடிப்பது சி-ஏ-சி-ஜி-டி-ஜி என்ற அதே எழுத்து வரிசையைத்தான். ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் மோதுவது மாதிரி.

எனக்கு எச்ஒய்5 மீதுதான் ஆர்வம் அதிகம். அது தண்டிலிருந்து வேர்வரை பயணித்து, நைட்ரேட் உறிஞ்சுவதையும் தூண்டுகிறது. அதற்காக பிஐஎஃப்பை இருட்டோடு ஒதுக்கிவிடவும் முடியாது: வெப்பம் கூடினால் வெளிச்சத்திலேயே தண்டை நீளவைப்பது அந்தக் குடும்பத்தின் பிஐஎஃப்4.