பிறந்த குழந்தைக்குச் செவிச் சோதனை: ஓஏஇயா, ஏபிஆரா?

ஓஏஇ (OAE, உள்செவி திருப்பி அனுப்பும் ஒலியைப் பதியும் சோதனை), ஏபிஆர் (ABR, செவி நரம்பு, மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதியும் சோதனை) இரண்டுமே வலியில்லாதவை, குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே இடத்தைச் சோதிப்பதில்லை.

ஓஏஇயில் காதுக்குள் சிறு முனை பொருத்தி ஒலி செலுத்துவார்கள். காக்ளியாவின் (உள்செவியின் நத்தை வடிவ உறுப்பு) வெளி மயிர்ச்செல்கள் நலமாக இருந்தால் மிக மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். முனையிலுள்ள மைக் அதைப் பதியும். சில நிமிடங்கள் போதும். பிறந்த முதல் நாளில் காதுக்குழாயில் கருவிலிருக்கும்போது தோலில் படிந்த மாவுப்படலமும் நடுச்செவியில் நீரும் மிச்சமிருக்கும். அதனால் நல்ல காதுக்கும் ‘மறுபரிசோதனை’ என்று முடிவு வரும். 24 மணி நேரம் கழித்துச் செய்தால் இது வெகுவாகக் குறையும். முனை காதை இறுக அடைக்காவிட்டாலும், அறையில் இரைச்சல் இருந்தாலும் இதேதான்.

ஏபிஆர் இன்னும் உள்ளே போகிறது. நெற்றி, பிடரி, தோள் ஆகிய இடங்களில் மின்முனை ஒட்டி, பெரும்பாலும் 35 டெசிபெல் அளவில் ‘கிளிக்’ ஒலி கொடுத்து, செவி நரம்பும் மூளைத்தண்டும் எழுப்பும் மின்னலைகளைப் பதிவார்கள். குழந்தை அசைந்தால் தசையின் மின்னலைகள் கலந்து பதிவு கெடும். பால் குடித்துத் தூங்கும் நேரமே தோது.

சிக்கலின்றிப் பிறந்த குழந்தைக்கு ஓஏஇயில் தொடங்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கும், ரத்தமாற்று தேவைப்படும் அளவுக்கு மஞ்சள் காமாலை கண்ட குழந்தைக்கும் ஏபிஆரைத் தவிர்க்கவே கூடாது. மயிர்ச்செல்கள் நலமாயிருந்தும் நரம்பு பழுதாகியிருக்கலாம். ஓஏஇ அதைத் ‘தேர்ச்சி’ என்றே காட்டும். ஏபிஆரில் தேறாத குழந்தையை ஓஏஇயில் தேறியதாகச் சொல்லி அனுப்பிவிடுவதும் அதே பிழை. 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் நோயறிதல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதே கணக்கு.