சொந்த செமி டிரக் வாங்கப் போகிறவருக்கு: எந்த ஆண்டு என்ஜின் தேறும்?

அமெரிக்காவில் சொந்தமாக செமி டிரக் (டிரெய்லரை இழுக்கும் பெரிய லாரி) வாங்கி ஓட்டப் போகிறவர், ஹுட்டைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது என்ஜின் தகட்டில் இருக்கும் ஆண்டை. விலை, வசதி, ஓடிய மைல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். புகை மாசு விதிகளுக்காக 2002 கடைசியில் பெரும்பாலான என்ஜின்களில் ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்புவது) ஏறியது, 2007-இல் டிபிஎஃப் (கரியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் ஃபில்டர்), 2010-இல் டெஃப் என்ற யூரியா திரவத்தை ஊற்றி ஓட்டும் எஸ்சிஆர் (எக்ஸாஸ்டில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பு). இந்த மூன்று கோடுகளில் எதற்கு முன், எதற்குப் பின் உங்கள் வண்டி வருகிறதோ, அதை வைத்தே ஒர்க்‌ஷாப் பில் வரும்.

ஈஜிஆருக்கு முந்தையவற்றில் பேர் எடுத்தவை மூன்று: டெட்ராய்ட் சீரிஸ் 60-இன் 12.7 லிட்டர், கேட்டர்பில்லர் 3406இ, கம்மின்ஸ் என்14. மூன்றிலும் கம்ப்யூட்டர் உண்டு, ஆனால் சென்சார் குறைவு. கோளாறு எங்கே என்று தேட நேரமாகாது, பெரும்பாலான வேலையைச் சின்ன ஒர்க்‌ஷாப்பிலேயே முடித்துவிடலாம். ஒழுங்காக ஆயில் மாற்றி வந்தவை பத்து லட்சம் மைல் ஓடியதுண்டு. தேய்ந்த பிறகும் என்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலே லைனர், பிஸ்டன், பேரிங் மாற்றும் இன்ஃப்ரேம் வேலை செய்து திரும்ப ஓட்டலாம். அதற்கான செலவு 20,000 டாலரை எளிதில் தாண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

1999 அல்லது அதற்கு முந்தைய மாடல் என்ஜினுக்கு ஈஎல்டி (ஓட்டும் நேரத்தைத் தானே பதியும் கருவி) கட்டாயம் இல்லை. பலர் இதற்காகவே பழசைத் தேடுகிறார்கள். ஆனால் பேப்பர் லாக் எழுதியே ஆக வேண்டும், 11 மணி நேர ஓட்டக் கணக்கும் மாறாது. என்ஜின் மாற்றியிருந்தால் அதற்கான ஆவணத்தைக் கம்பெனி அலுவலகத்தில் வைத்திருக்க வேண்டும். இதற்காக மட்டும் பழைய வண்டி வாங்குவது வீண் ஆசை.

பழசு பணத்தைத் தின்பது டீசலில். ஆண்டுக்கு 1,00,000 மைல் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். காலனுக்கு 6 மைல் தரும் பழைய நீள்மூக்கு வண்டி 16,667 காலன் குடிக்கும். 8 மைல் தரும் புது ஏரோடைனமிக் வண்டிக்கு 12,500 போதும். காலன் 4 டாலர் என்றால் வித்தியாசம் ஏறக்குறைய 16,700 டாலர். புதுசுக்கு டீசலில் 3 சதவீதம் அளவு டெஃப், அதாவது 375 காலன், தனிச் செலவு. அதைக் கழித்தாலும் கணக்கு புதுசின் பக்கமே. அதே ஆள் 40,000 மைல் மட்டும் ஓட்டினால் வித்தியாசம் 6,700 டாலருக்குள் சுருங்கிவிடும். மாதத் தவணை இல்லாத பழைய வண்டி அங்கே ஜெயிக்கும். கலிஃபோர்னியா லோடு எடுப்பவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை: 2023 ஜனவரி முதல் அங்கே 2010 அல்லது அதற்குப் பிந்தைய என்ஜின்தான் ஓட முடியும்.

பர்ஸைக் காலி செய்வது இடைப்பட்ட வண்டிகள். 2003 முதல் 2012 வரை வந்தவற்றில் விலை கவர்ச்சியாக இருக்கும், காரணம் இல்லாமல் இல்லை. ஈஜிஆர் கூலர் விரிசல் விட்டால் கூலன்ட் சத்தமில்லாமல் குறையும், வெள்ளைப் புகை வரும். கவனிக்காமல் ஓட்டினால் என்ஜினே போகும். 2010 புகை விதியை எஸ்சிஆர் இல்லாமல், ஈஜிஆரை மட்டும் வைத்துச் சமாளிக்கப் பார்த்த டிரக் கம்பெனி நாவிஸ்டார் 2012-இல் அந்த வழியைக் கைவிட்டது. அந்தக் கம்பெனியின் அந்தக் கால மேக்ஸ்ஃபோர்ஸ் என்ஜின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம்.

டிபிஎஃப் பற்றி ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். கரி, ரீஜென் (ஃபில்டரைச் சூடாக்கிச் சுத்தம் செய்வது) ஓடும்போது எரிந்துவிடும். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்தும் சீக்கிரமே அடைத்துக்கொண்டால் குற்றவாளி டிபிஎஃப் அல்ல. ஒழுகும் இன்ஜெக்டரோ, டர்போ சீலோ, ஈஜிஆர் வால்வோ மேலே இருந்து அழுக்கை அனுப்பிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது ஃபில்டர் போட்டால் அதுவும் அடைக்கும். இரவெல்லாம் ஐட்லிங்கில் விடுவதும் இதே கதைதான்: எக்ஸாஸ்ட் சூடேறாது, கரி சேரும். ஏபியு (பெரிய என்ஜினை ஓட்டாமலே ஏசி, மின்சாரம் தரும் சின்ன யூனிட்) வைத்த வண்டியாகப் பாருங்கள். டிபிஎஃப்பைக் கழற்றி எறிந்த 'டிலீட்' வண்டி ஃபெடரல் சட்டத்துக்கு எதிரானது. பக்கத்திலேயே போக வேண்டாம்.

புதுசு வாங்கினால் 12 சதவீத ஃபெடரல் எக்சைஸ் வரி உண்டு. 1,80,000 டாலர் வண்டிக்கு 21,600. பழைய வண்டிக்கு இது கிடையாது. அதனால் நல்ல நடுவழி, பெரிய கம்பெனி மூன்று நான்கு வருடம் ஓட்டிக் கழித்த டெட்ராய்ட் டிடி15 அல்லது கம்மின்ஸ் எக்ஸ்15 என்ஜின் வண்டி. என்ஜின் வாரன்டி பொதுவாக 2 ஆண்டு அல்லது 2,50,000 மைல். நீட்டித்தது என்றால் பெரும்பாலும் 5 ஆண்டு, 5,00,000 மைல். மிச்சம் எவ்வளவு, உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நாக்ஸ் சென்சார் (நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது), டெஃப் டோசர் (டெஃப்பைத் தெளிப்பது) இரண்டும் அடிக்கடி போகும் உருப்படிகள். போனால் பல மாடல்களில் வண்டி படிப்படியாக வேகம் குறைந்து, கடைசியில் மணிக்கு 5 மைலில் ஊரும். லோடு ஏற்றிய பிறகு அப்படி நின்றால் அன்றைய வருமானம் போச்சு.

பார்க்கப் போகும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிளாக்கில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதை மறைக்க முன்னாடியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தால் புகை வேகமாகப் பீறிட்டு வரக் கூடாது. ஆயில் சாம்பிளை லேபுக்கு அனுப்புங்கள். சோடியம், பொட்டாசியம் ஏறியிருந்தால் கூலன்ட் கலக்கிறது. ஈசிஎம் (என்ஜின் கம்ப்யூட்டர்) ரிப்போர்ட் எடுத்து மொத்த மைலை மொத்த காலனால் வகுத்தால் உண்மையான மைலேஜ் தெரியும், ஐட்லிங் மணியும் அதிலேயே இருக்கும். உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய பழைய வண்டி என்றால் இரட்டை ஃப்ரேமின் நடுவில் டார்ச் அடியுங்கள்: துரு ஊதி இரண்டு தகட்டையும் பிரித்திருந்தால் அதற்கு மலிவான வைத்தியம் கிடையாது. டயரில் சட்டப்படி குறைந்தபட்சம் முன்னால் 4/32 அங்குலம், மற்றவற்றில் 2/32. பத்து டயரும் அந்த விளிம்பில் இருந்தால், பத்து டயரின் விலையைக் கேட்கும் தொகையிலிருந்து கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள்.