வீடியோவா, படப் புத்தகமா, நேர்ப்பேச்சா?

"குழந்தைக்குச் சீக்கிரம் பேச்சு வர எந்த வீடியோ நல்லது?" என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். ஒரு வயதுக்குள் எந்த வீடியோவும் வேண்டாம் என்பேன். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இதையே சொன்னது.

அமெரிக்காவில் பாட்ரிசியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை 12 தடவை கேட்கச் செய்தார்கள். சிலருக்கு ஆள் எதிரே உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மையோடு விளையாடிப் பேசினார். சிலருக்கு அதே ஆட்கள் பேசிய வீடியோ. சிலருக்கு ஒலி மட்டும். நேரில் கேட்ட குழந்தைகள்தான் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. மற்றவர்களுக்கு எதுவும் ஏறவில்லை.

வீடியோ கால் வேறு விஷயம். எதிரே இருப்பவர் பதில் தருகிறார். இரண்டு வயதை எட்டிய குழந்தைகள் அதன் வழியே புதிய வினைச்சொற்களைக் கற்றதை 2014-இல் வந்த ஆய்வு காட்டியது. பதிவு செய்த வீடியோவில் அது நடக்கவில்லை. ஆக, பதில் வருகிறதா என்பதே கேள்வி.

படப் புத்தகத்துக்கும் பேச்சுக்கும்தான் உண்மையான போட்டி. அன்றாடம் நாம் வாயில் எடுக்காத சொற்களைப் புத்தகம் கொண்டுவரும். ஆனால் கடைசிப் பக்கம்வரை படித்தே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். குழந்தை ஒரு படத்தில் விரல் வைத்தால் அங்கேயே நின்று பேசுங்கள்.

இருந்தாலும் என் ஓட்டு நேர்ப்பேச்சுக்கே. குளிப்பாட்டும்போதும் துணி மாற்றும்போதும் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. செய்வதையே சொல்லுங்கள்: "இதோ, கையை நுழைக்கலாமா?" குரலை உயர்த்தி, இழுத்து, கொஞ்சலாகப் பேசினால் குழந்தை கூர்ந்து கேட்கும், சொற்கள் மட்டும் நிஜச் சொற்களாக இருக்கட்டும். பிறகு வாயை மூடிக் காத்திருங்கள். பலர் தவறவிடுவது இந்தச் சில விநாடிகளைத்தான். "ங்கா" என்று வந்தால் அதுதான் அதன் முறை; உடனே பதில் சொல்லுங்கள். பின்னணியில் டிவி ஓடினால் நம் பேச்சே குறைந்துபோகும், அணைத்துவிடுங்கள்.

12 மாதமாகியும் மழலை ஒலி இல்லை, 24 மாதமாகியும் இரண்டு சொல் சேரவில்லை என்றால் இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம். மருத்துவரிடம் போய் முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள்.