ஊற்றா, காவிரியா, கேனா? ராமநாதபுரம் கடற்கரையின் குடிநீர்

ராமேஸ்வரம் தீவு, மண்டபம், கீழக்கரைப் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கு முக்கியமாக மூன்று வழிகள்: மணல் ஊற்று, காவிரிக் குழாய், கேன். என் ஓட்டு ஊற்றுக்குத்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பக்கத்தில் மோட்டார் ஓடக் கூடாது.

கடலுக்கு அருகிலேயே மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கிறதே, எப்படி? மணலில் இறங்கிய மழைநீர் எடை குறைந்தது. அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. இதே கணக்கு திருப்பியும் அடிக்கும்: மேலே 1 அடி இறங்கினால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறவரை ஊற்று தாங்கும். ஒரு குடம் நிறைய ஆகும் நேரம்தான் அதற்குப் பாதுகாப்பு. பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரை ஓட்டினால் கரிக்க ஆரம்பித்துவிடும். கழிப்பறைக் குழியும் தள்ளியே இருக்க வேண்டும். குழியிலிருந்து கசியும் கிருமி கொதிக்க வைத்தால் சாகும், கழிவிலிருந்து நீரில் கரையும் நைட்ரேட் என்ற உப்பு போகாது.

காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கமிருந்து குழாயில் வருகிறது. உப்புத் தொல்லை இல்லை. ஆனால் கடைக்கோடி ஊருக்கு வருவதற்குள் அழுத்தம் குறைந்துவிடும். வருகிற அன்றே பிடித்துவைக்க வேண்டும். தொட்டியை மூடாவிட்டால் டெங்குக் கொசு.

கேன்? 20 லிட்டர், வீட்டு வாசலில் இறங்கும், இனிப்பாகவும் இருக்கும். விற்பவர் டி.டி.எஸ். மீட்டரை முக்கிக் காட்டுவார். அது கரைந்த உப்பை மட்டுமே சொல்லும், கிருமியைச் சொல்லாது. இந்தியத் தரநிலையில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. ஆக, எண் 50க்கு இறங்கியதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கேனைக் கவிழ்த்து அடிப்பக்கம் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்ப்பது உருப்படியான சோதனை. அப்புறம், நிலத்தடி நீரை எடுத்து உப்பை வடிகட்டிக் கேனில் நிரப்பும் ஆர்.ஓ. ஆலையும் மோட்டார் போட்டுத்தான் உறிஞ்சுகிறது; உப்பு மிகுந்த கழிவுநீரை வெளியே விடுகிறது. ஊற்று கெட்டதால் கேன் வாங்குகிறோம், கேனுக்காக இன்னொரு ஊற்று கெடுகிறது.

சரி, மோட்டார் வந்துவிட்ட ஊரில் என்ன செய்வது? காவிரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். அதுவும் வராத நாளில் கேன், நிரப்பிய தேதியும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருந்தால் மட்டும்.