அத்திவாரம் வெட்ட முதல் வளவைக் கிண்டிப் பார்த்த தொல்லியல் கம்பனி: வேலைக்கு 5/5, பில்லுக்கு 2/5

கோல்செஸ்டருக்கு வெளியே அரை ஏக்கர் வளவு. இரண்டு வீடு கட்ட கவுன்சில் அனுமதி தந்தது, ஆனால் தொல்லியல் ஆய்வு முடியாமல் மண்ணில் கை வைக்கக்கூடாது என்று நிபந்தனை. இங்கிலாந்தில் 1990இலிருந்து இதுதான் நடைமுறை, செலவும் கட்டுகிற ஆளுடையது. ரோமர் ஊர், வேறென்ன செய்வது? கி.பி. 60-61இல் ரோமருக்கு எதிராய் எழும்பின பூடிக்கா அரசி ஊரை எரித்ததில் சிவந்துபோன களிமண் நகர நடுவில் ஆழக் கிண்டினால் இப்பவும் வருகிறது.

மூன்று தொல்லியல் கம்பனியிடம் விலை கேட்டு நடுவிலையைப் பிடித்தேன்.

முதல்நாள், கிண்டாமலே மண்ணுக்குள் இருக்கிறதைக் காட்டுகிற காந்தமானிக் கருவியோடு ஒரு பிள்ளை வந்தா. காலில் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் பெல்ட் இல்லை, உடுப்பில் ஒரு சிப் கூட இல்லை. இரும்பு கிட்ட இருந்தால் கருவி குழம்புமாம். வேலியோரம் நின்ற என் காரையும் தள்ளி விடச் சொன்னா. பிறகு உழுகிற மாதிரி மேலும் கீழுமாக நடந்து முடித்தா. படத்தில் கறுப்பாய் ஒரு கோடு: எப்பவோ தூர்ந்த அகழி.

அடுத்த கிழமை டிகர், அதுதான் மண் வெட்டுகிற மெஷின், வந்தது. வாளியில் பல் இல்லை, விளிம்பு மொட்டை. தோசைக்கல்லைச் சுரண்டுகிற மாதிரி மேல்மண்ணை மட்டும் வழித்தெடுத்தார்கள், மிச்சமெல்லாம் கைக்கரண்டி வேலை. அகழிக்குள் உடைந்த ரோமர் கூரையோடுகள். ஒன்றில் நாயின் காலடி! ஈரமாய்க் காயப்போட்ட ஓட்டில் மிதித்துப் போயிருக்கிறது. என் கையில் தந்து பார்க்கவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டேக்க வந்த சட்டியோடுகளை அப்பப்பா வேலிக்கு அங்கால எறிந்தது ஞாபகம் வந்தது.

இனி குறை. கொட்டேஷனில் இருந்தது ஆட்களின் கூலி மட்டும். டிகர் வாடகை, குழி மூடின காசு எல்லாம் தனித்தனி பில்லாய் வந்தன. 6 கிழமையில் தருவதாய்ச் சொன்ன அறிக்கை 11 கிழமை எடுத்தது, அதுவும் மூன்று தரம் போன் அடித்த பிறகு. மேசன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அறிக்கை என்னவோ வடிவான அறிக்கை. அதைச் சரிபார்க்கிற கவுண்டி தொல்லியலாளர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நீங்கள் எடுக்கிறதென்றால் டிகரும், கிடைத்த பொருளை மியூசியத்தில் வைக்கிற கட்டணமும் விலையில் சேர்ந்ததோ என்று எழுத்தில் கேளுங்கள்.

சட்டப்படி புதையல் என்று வராத பொருள் இங்கே காணிக்காரனுக்கே சொந்தம். அதனால் மியூசியத்துக்குக் கொடுக்கச் சம்மதம் கேட்டு ஒரு படிவம் நீட்டினார்கள். அந்த நாய் ஓட்டை மட்டும் வைத்திருக்க ஆசைதான். மனமில்லாமல் கையெழுத்து வைத்தேன். அதைப் பெட்டியில் போட்டு மியூசியத்தில் வைக்கிற காசும் என் தலையில்தான்.