அனிமே படம், முதல் வாரம், இரவுக் காட்சி: டிக்கெட் எடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை

கோலாலம்பூரில் ஒரு பேரங்காடித் திரையரங்கு. அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படம் வெளியான முதல் சனிக்கிழமை, இரவு ஒன்பது மணிக் காட்சி, ஓர் இருக்கை மிச்சமில்லை. படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் முன்வரிசையில் முதல் கைப்பேசி உயர்ந்தது. தலைப்பு திரையில் வந்தபோது ஏழெட்டு ஆகிவிட்டது. பின்னால் ஒரு கும்பல், நாயகன் வாளை உருவும் முன்பே அவன் சொல்லப்போகும் தாக்குதலின் பெயரை ஜப்பானிய மொழியில் கத்தித் தீர்த்தது. நடுவில் ஓர் அம்மா, ஆறு வயதுப் பையனுக்காகத் திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். படம் முடிந்து வெளியே வந்து முறையிட்டவர்களுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: படம் ஓடும்போதே சொல்லியிருக்க வேண்டும். பணமும் வரவில்லை, மாற்று டிக்கெட்டும் வரவில்லை.

கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அரங்கு நடத்துகிறவர்கள் அந்தப் பதிலைத்தான் எப்போதும் சொல்வார்கள், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவருக்குத்தான் ஏதாவது கிடைக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே யாருக்கும் தெரியாது. ஃபிலிம் சுருள் ஓடிய காலத்தில் ப்ரொஜெக்டர் அறையில் ஓர் ஆள் இருந்தார், சின்ன ஜன்னல் வழியாக அரங்கைப் பார்த்தார். இப்போது படம் ஒரு கோப்பாக வருகிறது. விளம்பரம், ட்ரெய்லர், படம், விளக்கு அணைவது, விளக்கு எரிவது எல்லாம் ஒரே பட்டியலாகக் கணினியில் ஏற்றப்பட்டு, நேரம் வந்ததும் தானாக ஓடும். பத்து அரங்குக்கு டிக்கெட் சரிபார்க்க வாசலில் ஓரிருவர், மிச்சப் பேர் பாப்கார்ன் கவுண்டரில். நீங்கள் எழுந்து போய்ச் சொன்னால் ஒழிய, கோப்பு ஓடி முடிந்தது, காட்சி நல்லபடியாக நடந்தது என்றுதான் அவர்கள் கணக்கு.

இந்தத் தொல்லை அனிமே படத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கடுக்கிறது? ரஜினி படத்தின் முதல் நாள் முதல் காட்சியில் விசில் பறப்பதைக் குறை சொல்ல யாரும் இல்லை. அங்கே டிக்கெட் எடுப்பதே அதற்குத்தான். ஒரு வசனம் சத்தத்தில் அமுங்கினாலும் நம் மொழி, உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வோம். அனிமே பார்க்கிறவர் காதால் கேட்பது ஜப்பானியம், கதையைப் பிடிப்பது கண்ணால். மலேசியத் திரையில் அடிப்பகுதியில் இரண்டு மொழிகளில் மொழிபெயர்ப்பு வரிகள், சில படங்களில் மூன்றுகூட, ஒன்றின்மேல் ஒன்றாக வந்து இரண்டு மூன்று வினாடியில் மறைந்துவிடும். அந்த நேரத்தில் முன்னால் ஒரு திரை வெளிச்சம் எரிந்தால் கண் தானாக அங்கே ஓடும், வரி போய்விடும். போன வரி திரும்பி வராது. இரவுச் சண்டை, நிலவறை என்று கறுப்பும் கருநீலமுமாகத் தீட்டிய காட்சிகளில் இன்னும் மோசம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும், அதைக் கலைக்க ஒரு கைப்பேசி போதும்.

விசில் பழக்கத்தை அப்படியே அனிமே அரங்குக்குத் தூக்கிவருகிறவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. மற்றவர்களை மட்டும் கைகாட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது.

கைப்பேசி விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில், 2012 திருத்தம் 43ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. திரையரங்கில் ஓடும் படத்தை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ பதிவு செய்தால் 10,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ‘பதினைந்து வினாடி ஸ்டோரிதானே’ என்கிற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை. இதில் உங்களுக்கும் ஒரு பொறி இருக்கிறது. முன்வரிசைக்காரன் படம்பிடிப்பதைச் சாட்சிக்காக நீங்கள் படம்பிடித்தால் உங்கள் பதிவிலும் திரை விழும். அப்புறம் மேலாளர் முன் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கைப்பேசியைத் தொடாதீர்கள். வரிசை எழுத்து, இருக்கை எண், மணி, இந்த மூன்றும் மனத்தில் இருந்தால் போதும்.

இனி இருக்கை. வெளிச்சத் தொல்லை உங்களுக்கு முன்னால் இருக்கும் வரிசைகளிலிருந்துதான் பெரும்பாலும் வரும். பேச்சும் கூச்சலும் நாற்காலி உதையும் பின்னாலிருந்து வந்தால்தான் அதிகம் உறுத்தும். இரண்டையும் ஒரே இருக்கையில் தவிர்க்க முடியாது. எது உங்களைக் கூடுதலாகக் கடுப்பேற்றுகிறது என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். கைப்பேசிதான் என்றால் முன்னிலிருந்து நான்காவது, ஐந்தாவது வரிசை. கழுத்து கொஞ்சம் வலிக்கும், ஆனால் எதிரே மூன்று நான்கு வரிசை வெளிச்சம் மட்டும். சத்தம்தான் என்றால் கடைசி வரிசை. ‘நடு அரங்கு, நடு இருக்கை’ என்று எல்லோரும் அடித்துப்பிடித்து வாங்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்து விழும். எந்த வரிசையானாலும் நடைபாதை ஓரத்தைப் பிடியுங்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர் பத்துப் பேர் முழங்காலைத் தாண்டிப் புகார் சொல்லப் போகமாட்டார், சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

செயலியில் இருக்கை வரைபடத்தை ஒரு தடவை பார்த்ததோடு விடாதீர்கள். காட்சிக்கு முந்தைய நாளும், ஒரு மணி நேரம் முன்பும் பாருங்கள். இரண்டு வரிசை முழுக்க ஒரே கட்டியாகப் போயிருந்தால் அது குழுவாக எடுத்தது, அந்தக் கட்டிக்கு அடுத்த வரிசை வேண்டாம். இலவச அட்டை, சுவரொட்டி கொடுக்கும் நாள்களில் பொருளுக்காக மட்டும் டிக்கெட் எடுக்கும் கூட்டமும் உள்ளே வரும். படத்தில் அவர்களுக்கு அக்கறை இல்லை, பாதியில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வார நாளில் மதியத்துக்கு முந்தைய காட்சி, இரண்டாம் வாரத்துக்குப் பிறகு, பள்ளி விடுமுறை இல்லாத நாள்: இதற்கு மேல் ஒரு ரகசியமும் இல்லை. ஆகஸ்டு 31, செப்டம்பர் 16 இரண்டும் பொது விடுமுறை, அந்த வாரங்களை விட்டுவிடுங்கள். பினாங்குத் தீவில் கர்னி, குவீன்ஸ்பே பேரங்காடிகள் பக்கம் நிறைந்து வழிந்தால், பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவின் வரைபடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். விலை கூடிய பெரிய திரை என்றால் அமைதி என்று நம்ப வேண்டாம். முதல் வாரத்தில் தீவிர ரசிகர் முதலில் நிரப்புவது அதைத்தான்.

படத்தின் நீளத்தையும் பாருங்கள். 2025 ஜூலை 18 அன்று ஜப்பானில் வெளியான டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி காசல் 155 நிமிடம் ஓடும். இடைவேளை இல்லாமல் இரண்டரை மணி நேரம் என்றால், ஒன்றரை மணி நேரத்துக்குமேல் கழிவறைக்குப் போகிறவர்களின் டார்ச் வெளிச்சம் படிக்கட்டில் ஓயாது. அப்படிப்பட்ட படத்துக்குப் படியோர இருக்கை கூடாது என்று நினைத்தால், எதிர்ச் சுவரோரம் உட்காருங்கள்.

தொல்லை தொடங்கிவிட்டால்? பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தடவை கேளுங்கள், ஒரே ஒரு தடவை. தமிழ்ப் பிள்ளை என்றால் ‘தம்பி, போனை உள்ள வச்சிருங்கய்யா, எழுத்து தெரியல’. மற்றவர் என்றால் மலாயில் ‘பாங், தோலோங் ஸ்லோ சிக்கிட்’, அண்ணே, கொஞ்சம் மெதுவாக. இதற்கு விளம்பரம் ஓடும் நேரமே நல்லது, அப்போது யாருக்கும் மானப் பிரச்சினை வராது. படம் ஓடும்போது ‘ஷ்ஷ்’ போட்டால் கும்பலுக்கு அதுவே விளையாட்டாகிவிடும். இரண்டாம் தடவை கேட்கவே வேண்டாம், எழுந்து வெளியே போய்விடுங்கள். படம் தொடங்கி முதல் அரை மணிக்குள் போவது முக்கியம். பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு மாற்று டிக்கெட் கேட்கிறவரை எந்த மேலாளரும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்.

டிக்கெட் சரிபார்க்கும் ஊழியரிடம் ‘உள்ளே ஒரே சத்தம்’ என்று சொன்னால் அவர் டார்ச்சோடு வந்து கதவோரம் ஒரு நிமிடம் நிற்பார். கும்பல் அடங்கும், அவர் போவார், மறுபடி தொடங்கும். இப்படிச் சொல்லுங்கள்: ‘ஹால் துஜூ, பாரிஸ் ஜி, அடா ஓராங் ராக்காம் ஸ்க்ரின்.’ ஏழாம் அரங்கு, ஜி வரிசை, ஒருவர் திரையைப் பதிவு செய்கிறார். ‘ராக்காம்’ என்ற சொல் விழுந்ததும் அது சத்தப் பிரச்சினையாக இருக்காது, படம் திருடும் பிரச்சினை ஆகிவிடும், ஊழியரின் நடையே மாறும். உண்மையாகவே பதிவு நடந்தால் மட்டும் சொல்லுங்கள். சிறுபிள்ளை விஷயத்திலும் இதே மாதிரிதான். தணிக்கை வாரியம் 16 அல்லது 18 என்று வயது வரம்பு கொடுத்த படத்தில் ஆறு வயதுக் குழந்தை அழுதால் அது பெற்றோரின் தவறு மட்டும் இல்லை, வாசலில் விட்டவர்களின் தவறும்கூட. ‘கார்ட்டூன்தானே’ என்று நினைத்துக் கூட்டிவந்து, முதல் தலை உருண்டதும் பிள்ளையோடு வெளியே ஓடுகிற பெற்றோர் இன்னும் குறையவில்லை. வேப் புகை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

ஊழியர் போன பிறகும் அடங்கவில்லையா? பணியிலிருக்கும் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவரிடம் மூன்றில் ஒன்றைக் கேளுங்கள்: ஊழியர் ஒருவர் பத்து நிமிடம் உள்ளேயே நிற்க வேண்டும், அல்லது வேறு இருக்கை, அல்லது இதே படத்தின் வேறொரு காட்சி. பணத்தைத் திருப்பிக் கேட்டால் ‘விற்ற டிக்கெட் விற்றதுதான்’ என்று வரும். மாற்றுக் காட்சி அவர் கையிலேயே இருக்கிறது, அது கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். மறுத்தால், அவர் பெயரையும் நீங்கள் சொன்ன நேரத்தையும் குறித்துக்கொண்டு, டிக்கெட் எண்ணோடு மறுநாளுக்குள் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பணம் திரும்பக் கிடைக்காது என்று அச்சடித்துவிட்டதால் மட்டும் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை போய்விடாது. உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் சொல்லலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் போராங் 1 என்ற படிவத்தை நிரப்பி 5 வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக் கெடு. இருபது வெள்ளி டிக்கெட்டுக்கு யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள், போகவும் வேண்டாம். ஆனால் அரங்கையே வாடகைக்கு எடுத்த குழு ஏமாந்தால் அந்த வழி பயன்படும். பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் தமிழிலேயே பேசலாம்.

குழு என்றதும் ‘ரசிகர் காட்சி’ பற்றிச் சொல்ல வேண்டும், அதிகம் பேர் ஏமாறுவது அங்கேதான். ஜப்பானில் சாதாரணக் காட்சி வேறு, ‘ஓயேன் ஜோயே’ என்னும் ஆரவாரக் காட்சி வேறு. பின்னதில் ஒளிக்குச்சி ஆட்டலாம், பெயர் சொல்லிக் கத்தலாம், வேடம் போட்டு வரலாம். டிக்கெட் விற்கும்போதே எது என்று போட்டிருக்கும், அதனால் அங்கே சண்டை இல்லை. இங்கே டெலிகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் கூடுதல் விலைக்கு விற்கும் ரசிகர் காட்சியில் அந்த ஒரு வரி பல நேரம் இருப்பதில்லை. அமைதியாகப் பார்க்க வந்தவரும் ஆட வந்தவரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள், இருவருமே ஏமாந்தவர்கள். பணம் அனுப்பும் முன் எழுத்தில் கேளுங்கள்: கத்தலாமா, ஒளிக்குச்சி உண்டா, வாள், உயர்ந்த பொய்முடி எல்லாம் உள்ளே வருமா, அரங்கின் முன்பதிவு யார் பெயரில் இருக்கிறது. கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் விலகிவிடுங்கள்.

க்யூஆர் குறியீட்டின் ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் அனுப்புகிறவரிடம் வாங்கவே கூடாது. ஒரே படத்தை ஐந்து பேருக்கு விற்கலாம், வாசலில் முதலில் காட்டுகிறவர் உள்ளே போவார், மற்ற நால்வர் வெளியே நிற்பார்கள். டுய்ட்நௌ வழி பணம் அனுப்பும் முன் அந்தக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணைக் கூப்பிடுங்கள், கூடவே உங்கள் வங்கியையும். காலை வரை தள்ளிப்போட்டால் பணம் கைமாறிப் போயிருக்கும்.

கடைசியாக, பார்வையாளர் மேல் பழி போட முடியாத ஒரு தொல்லை. அனிமே படத்தில் பெயர்கள் ஓடும்போதுதான் முடிவுப் பாடல் வரும், பல படங்களில் அதற்குப் பிறகும் ஒரு காட்சி இருக்கும். முதல் பெயர் மேலெழுந்த நொடியில் விளக்கு எரிகிறது, கறுப்புக் குப்பைப் பையும் விளக்குமாறுமாக இருவர் படியேறி வருகிறார்கள், பாதி அரங்கு எழுந்து நின்று திரையை மறைக்கிறது. துப்புரவு செய்கிறவர்களைக் கடிந்து பயனில்லை, அடுத்த காட்சிக்கு அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். விளக்கு எரியும் நேரம் அந்தக் கணினிப் பட்டியலில் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். படத்தின் பெயர், அரங்கு எண், காட்சி நேரம், விளக்கு எரிந்த இடம் நான்கையும் எழுதி அன்றிரவே அரங்குக்கு அனுப்புங்கள். மறுநாள் காலைக் காட்சிக்கு வருகிறவருக்காவது பாட்டு முழுதாகக் கிடைக்கும்.