"ஆழ்கடல் டிஜிட்டல் உலகம்" போஸ்டரைப் பார்த்தால் டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கத்து நம் ஆட்களுக்கும் பொள்ளாச்சிக்காரர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நாங்கள் ஏமாந்த அந்த மீன் பொருட்காட்சி அடுத்து பொள்ளாச்சிப் பக்கம் வருகிறதாம். அங்கே தொட்டி கழுவுகிற பையனே சொன்னான்.

போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டியிருந்தார்கள், மலையாளத்திலும் தமிழிலும். தலைக்கு மேல் திமிங்கலச் சுறா, சுற்றிலும் ஒளிரும் ஜெல்லி மீன்கள், "உயிருள்ள கடல் மீன்களும் டிஜிட்டல் ஓவியமும் ஒரே அரங்கில்" என்று எழுத்து. என் மகளுக்கு ஏழு வயது. பார்த்த நாளிலிருந்து ஜெல்லி மீன், ஜெல்லி மீன் என்று அதே பேச்சு. லீவுக்கு வந்திருந்த அக்கா மகனுக்கும் ஆசை. நான், வீட்டுக்காரர், அம்மா, பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஐந்து பேருக்கு ஆன்லைனில் தலைக்கு 200 ரூபாய் கட்டி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாலக்காடு போகும் வழியில் உள்ள மைதானத்துக்குப் போனோம்.

வாசலில் வண்டி நிறுத்த 50. உள்ளே போனதும் முதலில் வந்தது மீன் தொட்டிக்கு அடியில் நடக்கிற கண்ணாடிச் சுரங்கப்பாதை. கண்ணாடி முழுக்கக் கீறல், தண்ணீர் கலங்கல். வெளியே வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டுக்காரர் பத்து வருடமாக மீன் வளர்க்கிறார், வீட்டில் மூன்று தொட்டி இருக்கிறது. நுழைந்தவுடனே என் காதில் சொன்னார்: "இதில் ஒன்றுகூடக் கடல் மீன் இல்லை." கோய், ஆஸ்கர், கௌராமி, அப்புறம் மீன் கடையில் 'ஷார்க்' என்று விற்பார்களே, அந்த மீன். அது சுறாவே கிடையாது, கெளுத்தி இனம். கோய் என்பது நன்னீர்க் கெண்டை. ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும் கடல் தண்ணீரில் அது பிழைக்காது. அதனால் கோய் நீந்துகிற தொட்டியைக் காட்டி யாராவது கடல் என்று சொன்னால், அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

"கடல் ராட்சசன்" என்று போர்டு வைத்து ஒரு பெரிய மீனைக் காட்டினார்கள். அது அரபைமா, அமேசான் ஆற்று மீன். பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கினால்தான் அதற்கு உயிர். பாதைக்கு மேலே இருந்த தண்ணீரின் ஆழம் அதன் உடம்புக்கே போதவில்லை. மேலே வரும்போதெல்லாம் முதுகு கண்ணாடியில் உரசியது. முதுகில் செதில் போய் வெள்ளையாக இருந்த இடத்தை அம்மாதான் முதலில் பார்த்தார். "பாவம்டீ, அதுக்குத் திரும்பக்கூட எடம் இல்ல" என்றார்.

டிஜிட்டல் அரங்குக்குத் தனியாக 100 ரூபாய் என்று உள்ளே போன பிறகுதான் சொன்னார்கள். போஸ்டரிலும் இல்லை, ஆன்லைன் டிக்கெட்டிலும் இல்லை. பிள்ளைகள் ஏற்கெனவே திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இன்னொரு 500 கொடுத்தோம்.

உள்ளே மூன்று பக்கமும் வெள்ளைத் துணி, அதில் புரொஜெக்டர் வீடியோ. துணிக்கு முன்னால் வரிசையாகச் சின்னத் தொட்டிகள், தொட்டிக்குள்ளேயே நிறம் மாறி மாறி வெட்டும் விளக்கு. தொட்டி வைத்த மேசைக்கு அடியில் பெரிய ஸ்பீக்கர். மீனுக்கு இமை கிடையாது, வெளிச்சம் பிடிக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. உடம்பின் இரண்டு பக்கமும் ஓடும் கோட்டால் தண்ணீரின் சின்ன அதிர்வைக்கூட உணரும். பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் மேசையே அதிர்ந்தது. மீன்கள் எல்லாம் பின்மூலையில், துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. சில மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஊதா, பச்சை என்று சாயம் ஏற்றிய கிளி மீன்களும் இருந்தன, கடல் கிளி மீன் இல்லை, கடையில் 'பேரட்' என்று விற்கிற நன்னீர் மீன். அந்த நிறத்தை ஊசியாலோ சாயத்தில் முக்கியோ ஏற்றுவார்கள். ஒரு தொட்டியில் ஃபில்டருக்குப் பின்னால் ஒன்று செத்துக் கிடந்தது. அக்கா மகன் காட்டிய பிறகும் யாரும் எடுக்கவில்லை.

ஜெல்லி மீன்? சிலிகான் பொம்மை. காற்றுக்குழாய்க் குமிழில் மேலும் கீழும் போய்வந்தது. நிஜ ஜெல்லி மீனைச் சதுரத் தொட்டியில் வைக்க முடியாது, மூலையில் சிக்கிக் கிழிந்துவிடும். வட்டத் தொட்டியில் தண்ணீரை மெதுவாகச் சுழலவிட்டு வளர்ப்பார்கள். மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அங்கே வைத்து உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரவு வீட்டுக்கு வந்து சொன்னேன், அழுதாள்.

இப்படி ஒரு கலையே பொய் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் கோபே நகரத்தில் 2021-இல் 'அடோவா' என்று ஒரு காட்சியகம் திறந்தார்கள், மீன்களும் டிஜிட்டல் கலையும் சேர்ந்தது. டோக்கியோவில் ஷினகாவா அக்வா பார்க்கில் ஜெல்லி மீன்களை ஒளியோடும் இசையோடும் காட்டுகிறார்கள். அவை நிரந்தரக் கட்டடங்கள். புதுத் தொட்டியில் மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா பெருகவே பல வாரம் ஆகும். நாற்பது நாளில் கூடாரத்தைப் பிரித்துக் கிளம்புகிறவர்களால் அது எப்படி முடியும்?

வெளியே வரும் வழி டெல்லி அப்பளம், ஊறுகாய், பெட்ஷீட் கடைகள் வழியாகத்தான். கவுன்ட்டரில் போய்க் கேட்டேன். "ரீஃபண்ட் இல்ல சேச்சி" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். போஸ்டரில் கடல் மீன் என்று போட்டிருக்கிறதே என்றதற்கு, படம் மாதிரிக்குத்தான் என்றார் ஒருவர். டிஜிட்டல் அரங்குக்குக் கொடுத்த டிக்கெட்டில் முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை.

சரி, நாங்கள் செய்தது இது. போஸ்டர், இரண்டு டிக்கெட், பணம் போன ரசீது, தொட்டிகளின் வீடியோ எல்லாம் எடுத்து வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்தோம், புகார் எண் வந்திருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரமும் புகாருக்கு உரியது. நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருட்காட்சி எல்லை தாண்டிப் போய்விட்டாலும் பரவாயில்லை. நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. நீங்களும் போய் ஏமாந்திருந்தால் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகள் மீன் பார்க்க வேண்டும் என்றால் மலம்புழாவில் மீன் வடிவக் கட்டடம் இருக்கிறது. உண்மையான கடல் மீன்தான் வேண்டும் என்றால் திருவனந்தபுரம் பக்கம் விழிஞ்ஞத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் காட்சியகம் உண்டு, தூரம்தான். மகளை அங்கே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்று கிளம்பும்போது தொட்டி கழுவுகிற அந்தப் பையனிடம், ஊர் மாறும்போது இந்தப் பெரிய மீனை எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்டார். தார்ப்பாய் விரித்த லாரியில் தண்ணீர் நிரப்பி என்றான். போன முறை இரண்டு இருந்ததாம்.